இடது பக்கம் இழுத்த சிவப்புக் கார்

நான் ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் சாக்லேட்டில் ஒரு ஸ்டீயரிங் வரைந்திருந்தார்கள். அது வலது பக்கம் ஒரு பத்து டிகிரி சாய்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது நான் அட்டையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி ஸ்டீயரிங்கை நேராக்கினேன். உடனே அதற்குக் கீழே எழுதியிருந்த என் பெயர் சாய்ந்துபோயிற்று. எப்படித் திருப்பினாலும் இரண்டில் ஒன்று கோணலாகத்தான் நின்றது. கடைசியில் கத்தியை வைத்து வெட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே பட்டறையில் சக்கரங்களின் கோணலைப் பார்க்கும் புது அலைன்மென்ட் இயந்திரம் வந்து இறங்கியது. காரை ஏற்றிவிட்டால் போதுமாம். தானே அளந்து, எந்தப் பக்கம் எவ்வளவு திருக வேண்டும் என்று தானே சொல்லுமாம். புதுக் கார்களின் முன்கண்ணாடியில் இருக்கிற கேமராவைக்கூட அதிலேயே சரிபார்க்கலாமாம். போய்ப் பார்த்தேன். நல்ல இயந்திரம்தான். என் இடத்துக்கு வந்திருக்கும் சுரேஷ், "இனிமே தலைவலியே இல்லக்கா. எல்லாம் பச்சை வந்துருச்சின்னா சாவியக் குடுத்து அனுப்பிட வேண்டியதுதான்லா" என்றார். பச்சை என்று கேட்டதும் எனக்குப் புனிதவதி டீச்சரின் ஞாபகம் வந்துவிட்டது. சுரேஷ் அப்போது ஒரு வேனுக்கு அடியில் இருந்ததால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். மலை டவுனான தானா ராத்தாவில், லியோங் தவுக்கே என்ற சீன முதலாளியின் டயர் பட்டறையில் பில் எழுதத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் கம்ப்யூட்டர் வைத்த அலைன்மென்ட் இயந்திரம் வந்தது. டயரைக் கழற்றி மாட்டுவதில் சூரர்களான நான்கு ஆண்களும் அந்த விசைப்பலகையைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு வேலையாகப் பின்பக்கம் போய்விட்டார்கள். தவுக்கே கவுண்டரைப் பார்த்தார். "ஸ்டெல்லா, நீ டைப் அடிப்பதானே? வா." ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். நான்காம் நாள் நான் காருக்கு அடியில் இருந்தேன். கவுண்டருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

லியோங் தவுக்கே குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிரிஞ்சாங்கில் காய்கறி வியாபாரம் செய்தவரின் மகன். தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்ததால் தமிழ் அவருக்கு வீட்டு மொழி மாதிரி. ஆனால் மரியாதை விகுதி மட்டும் ஒட்டவே இல்லை. பெரிய துரையாக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் அவருக்கு 'நீ'தான்.

காலையில் கதவு திறந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், சட்டைப் பையிலிருந்து பேரிங் குண்டு ஒன்றை எடுப்பது. கார் ஏற்றும் மேடையில் முன்சக்கரம் நிற்கும் இரண்டு இடத்திலும் பின்சக்கரம் நிற்கும் இரண்டு இடத்திலும் குந்தி உட்கார்ந்து அந்தக் குண்டை வைப்பார். வைத்துவிட்டு விரலை எடுப்பார். அது அசையாமல் நின்றால் எழுந்துபோய்க் கோப்பி குடிப்பார். அரை அங்குலம் உருண்டால்கூட அன்று மேடையைச் சரிசெய்யும் வரை ஒரு காரும் ஏறாது. மலைச்சரிவில் கட்டிய கட்டடம். பெருமழைக்குப் பிறகு தரை எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல முடியாது. தரை கோணினால் அளவெல்லாம் பொய் என்பது அவர் கணக்கு.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. ரிப்போர்ட்டில் 'பிரச்சினை இல்லை' என்று எழுதக் கூடாது. ஒருமுறை எழுதிவிட்டேன். தாளைப் பார்த்தார்.

"கஸ்டமர் என்னா சொன்னா?"

"ஆடுதுன்னு சொன்னாங்க தவுக்கே. நான் பார்த்தேன், ஆடல."

"அவளுக்கு ஆடுது. நீ கண்டுபிடிக்கல. அப்படி எழுது."

அதை எப்படி எழுதுவது? நானும் எழுதவில்லை. 'மறுபடியும் பார்க்க வேண்டும்' என்று எழுதப் பழகிக்கொண்டேன்.

வேலை என்று பார்த்தால் சிக்கலானது இல்லை. முதலில் நான்கு டயரிலும் காற்று. பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பலகையைக் கவ்வ வைப்போம். எதிரே இருக்கும் கேமரா அதைப் பார்த்துக்கொள்ளும். காரைக் கையால் பின்னுக்குத் தள்ளி, முன்னுக்குத் தள்ளி, ஸ்டீயரிங்கை இடதும் வலதும் திருப்பி, நடுவில் நிறுத்திக் கட்டிவிட்டால் திரையில் அளவு வந்துவிடும். மனிதன் நிற்கும்போது பாதங்கள் உள்ளே திரும்பியிருக்கின்றனவா, வெளியே திரும்பியிருக்கின்றனவா என்று பார்ப்பது மாதிரிதான். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தப்பு. சிவப்பாக இருந்தால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பச்சை வந்ததும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது கம்பி அசையக் கூடாது. என் வாழ்நாளில் நான் கெட்ட வார்த்தை சொன்னதெல்லாம் அந்தக் கடைசி இறுக்கலில்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்பேன்.

எல்லோருக்கும் கார் நேராக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பிரிஞ்சாங்கில் ஓட்டல் வேன் ஓட்டிக்கொண்டிருந்த சூசை அண்ணன் அந்த எண்ணத்தைக் கெடுத்தார். அவர் வேனின் ஸ்டீயரிங் எட்டு வருடமாகக் கோணல். மனம் பொறுக்காமல் நேராக்கிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"தங்கச்சி, பழையபடி கோணலா வச்சிக் குடு. நேரா இருந்தா நான் எங்கயோ திரும்பிட்டு இருக்கிற மாதிரியே இருக்கு. ரெண்டு தடவ ஓட்டல் பூந்தொட்டிய இடிச்சிட்டேன்."

நான் முடியாது என்றேன். அவரும் வேனை எடுக்க மாட்டேன் என்றார். தவுக்கே வந்தார், கேட்டார், போய்ச் சிவப்பு டேப் ஒன்றை எடுத்துவந்தார். நேராக இருந்த ஸ்டீயரிங்கில், பழைய கோணலில் அதன் உச்சி நின்ற இடத்தில் ஒரு துண்டு ஒட்டினார். "இத மேல கொண்டுவராத. இது இங்கயே இருந்தா நேரா போவுதுன்னு அர்த்தம்." சூசை அண்ணன் அந்த டேப்பைப் பார்த்ததும் நிம்மதியாக வேனை எடுத்துப் போனார். அந்த வேனை விற்கும் வரை டேப் அங்கேயே இருந்தது.

இனி டீச்சர்.

புனிதவதி டீச்சர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் அக்கா பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள். அவர் கணவர் மாணிக்கம் சார், அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். ஆள் ஆஜானுபாகு. கண்ணில் அறுவை செய்தபின் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். அதனால் ஆஸ்பத்திரி, கோயில், பசார் எல்லாவற்றுக்கும் டீச்சர்தான் அந்தச் சின்னச் சிவப்புக் காரை, அவர் வாயில் காடியை, ஓட்டுவார். வீடு தோட்டத்து எல்லையில். அங்கிருந்து டவுனுக்கு வரும் பாதை ஒடுக்கம். இடது பக்கம் தேயிலைச் சரிவு, ஓரத்தில் மழைநீர் ஓடும் ஆழமான கான்.

ஒரு நாள் காலையில் பட்டறைக்குள் தனியாக வந்தார்.

"ஸ்டெல்லா, காடி இடது பக்கமே இழுக்குது. கான்ல இறங்கிடுமோன்னு பயமா இருக்கு."

ஏற்றினேன். எல்லாம் பச்சை. நானே ஓட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தில் போவது மாதிரி போயிற்று. ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுத்து, "மறுபடியும் இழுத்தா வாங்க டீச்சர்" என்றேன்.

பத்து நாளில் வந்தார். டயரில் கோளாறு இருந்தாலும் இழுக்கும் என்பதால் இடது வலது டயர்களை மாற்றிப் போட்டேன். மறுபடியும் பச்சை, மறுபடியும் ரிப்போர்ட். மூன்றாவது முறை பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இந்த மூன்று முறையும் மாணிக்கம் சார் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் பட்டறையில் காத்திருக்கும் நேரத்துக்கு அவர் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரியும். அது அலைன்மென்ட் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

மூன்றாவது ரிப்போர்ட்டை நீட்டியபோது டீச்சர் வாங்கவில்லை.

"வேணாம் ஸ்டெல்லா. இத மகன் பார்த்தா இன்னும் பேசுவான்."

"என்னா பேசுவாரு?"

கைப்பையை மடியில் வைத்து அதன் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார். மகன் கோலாலம்பூரில் இருக்கிறார். முதல் இரண்டு ரிப்போர்ட்டையும் டீச்சரே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். "'காடிக்கு ஒன்னும் இல்லம்மா, எல்லாம் பச்சையா இருக்கு, உனக்குத்தான் வயசாயிருச்சி'ங்கிறான். அடுத்த மாசம் வந்து காடிய வித்துட்டு எங்க ரெண்டு பேரயும் கூட்டிட்டுப் போயிடுவானாம். பதிமூணாவது மாடி. கதவத் தொறந்தா எதிர்வீட்டுக் கதவு." பையின் பூட்டை அழுத்தி மூடினார். "எனக்கும் சந்தேகமா இருக்கு. முப்பத்தஞ்சி வருஷமா ஓட்டுறேன். கை போயிருச்சோ என்னமோ."

அவரை மலையிலிருந்து இறக்குவதற்கு அத்தாட்சியாக மகன் வைத்திருந்தது என் கையால் அச்சடித்த தாள்கள். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.

தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நீ ஓட்டுனா நேரா போவுது. அவ ஓட்டுனா இழுக்குது. நீ அவகூட உட்கார்ந்து பார்த்தியா?"

பார்க்கவில்லை. மூன்று முறையில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"டீச்சர், இன்னிக்கு நான் ஓட்டல. நீங்க வழக்கமா எப்படி வீட்டுக்குப் போவீங்களோ அப்படியே போங்க. நான் பின்னால உட்கார்றேன்" என்றேன். டீச்சர் எதிர்க்கடைக்குப் போய்க் கணவரைக் கூட்டிவந்தார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டே முன்னால் இடது பக்கம் ஏறினார். காரும் சேர்ந்து ஒரு மூச்சு விட்டு இறங்கியது. நான் பின்னால், டீச்சருக்கு நேர் பின்னே.

டவுனைத் தாண்டித் தேயிலைக்குள் நுழைந்ததும் பார்த்தேன். டீச்சர் சொன்னது அத்தனையும் உண்மை. நேரான பாதையிலேயே கார் இடது பக்கம் போகப் பார்த்தது. டீச்சர் ஸ்டீயரிங்கை வலது பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே ஓட்டினார். புறங்கை நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அறுபத்தேழு வயதில் அந்தக் காரைக் கானில் விடாமல் இத்தனை நாள் கொண்டுவந்ததற்கு அவருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். பக்கத்தில் மாணிக்கம் சார் உதவி செய்துகொண்டிருந்தார்.

"லெஃப்ட்ல போவுது டீச்சர்." அவர் மனைவியை டீச்சர் என்றுதான் அழைப்பார்.

"தெரியுதுங்க."

"கான் வருது."

"கான் வரலிங்க. அது அங்கயேதான் இருக்கு."

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "சார், கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் இறங்கித் தேயிலை ஓரத்தில் நின்றார். டீச்சரை ஓட்டச் சொன்னேன். கார் நூல் பிடித்த மாதிரி போயிற்று. திரும்பி வந்து சாரை ஏற்றிக்கொண்டு போனோம். இடது பக்கம் இழுத்தது. இறக்கினோம், நேராகப் போயிற்று. மூன்றாவது முறை இறக்கிவிட்டுப் போய்த் திரும்பியபோது, தேயிலை பார்க்க வந்த ஒரு குடும்பம் அவரிடம் தங்கள் போனைக் கொடுத்திருந்தது. அவர் அவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "என்னாலயா?"

"ஸ்பிரிங்கா இருக்கும் சார்" என்றேன். பொய் இல்லை. பல வருடமாக ஒரே பக்கம் பாரம் ஏறினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பாரம் ஏறும்போது மட்டும் அதிகமாக அமுங்கும். அமுங்கினால் அந்தச் சக்கரத்தின் பாதம் வெளியே திரும்பும். காலியாக நிற்கும் காரை அளந்தால் அது தெரியவே தெரியாது. மூன்று முறையும் நான் காலிக் காரைத்தான் அளந்திருந்தேன்.

திரும்பவும் பட்டறைக்கே வந்தோம். சாரை உட்கார வைத்தே அளந்துவிடலாம் என்றால், ஆள் உள்ளே இருக்கும்போது மேடையைத் தூக்கக் கூடாது என்பது சட்டம். தவுக்கே பக்கத்துக் காய்கறி டெப்போவைக் கை காட்டினார். அங்கே லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பத்துப் பத்துக் கிலோ சாக்காக அடுக்கியிருந்தது.

"சார் எவ்ளோ வெய்ட்டு இருப்பீங்க?" என்று கேட்டேன்.

டீச்சர்தான் பதில் சொன்னார். "தொண்ணூத்தி ரெண்டு. மாசாமாசம் கிளினிக்ல பார்த்துட்டு வந்து சொல்லுவாரு. மூணு வருஷமா ஏறவே இல்ல. நான்தான் கேழ்வரகா குடுத்துட்டு இருக்கேனே." சொல்லும்போது அவர் குரலில் சின்னப் பெருமை இருந்தது.

மாணிக்கம் சார் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைக் கவனமாகப் படித்தார்.

ஒன்பது சாக்குகளை இடதுபக்க இருக்கையிலும் கால் வைக்கும் இடத்திலும் ஏற்றி, இரண்டு கிலோவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வைத்தேன். சரியாமல் இருக்க பெல்ட்டும் போட்டுவிட்டேன். திரையைப் பார்த்தேன். இடது முன்சக்கரத்தின் கோடு லேசாக நகர்ந்தது. பச்சை.

தவுக்கே திரையைப் பார்த்தார். மாணிக்கம் சாரைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து காய்கறிக் கூடையைக் கண்ணாலேயே எடை போட்டவர் அவர். போய் இன்னொரு சாக்கைத் தூக்கிவந்து வைத்தார். நூற்று இரண்டு. பச்சை. இன்னொன்று. நூற்றுப் பன்னிரண்டு. கோடு பச்சையின் விளிம்புக்கு வந்து நின்றது. அப்போதும் பச்சைதான்.

அதற்கு மேல் வைக்க அவருக்கே தயக்கம். கேட்டது தொண்ணூற்றிரண்டு. அதைவிட இருபது கிலோ ஏற்றியாகிவிட்டது. இப்படியே விட்டால் நான்காவது பச்சை ரிப்போர்ட் அச்சாகும். டீச்சர் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். "அப்ப காடி சரியாதான் இருக்கு, இல்ல?" என்றார். "மகன் சொன்னதுதான் சரி."

மாணிக்கம் சார் டயர் விளம்பரத்திலிருந்து திரும்பினார்.

"தவுக்கே," என்றார். "இன்னும் பதினஞ்சி கிலோ போடு."

தவுக்கே ஒரு சாக்கையும் ஐந்து கிலோவையும் கொண்டுவந்து வைத்தார். கார் ஒருமுறை முனகியது. கோடு விளிம்பைத் தாண்டிப் போய் நின்றது. சிவப்பு. நல்ல, தெளிவான சிவப்பு.

டீச்சர் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்குக் கூட்ட நேரமே ஆகவில்லை.

"நூத்தி இருபத்தேழா?"

"போன மாசம்" என்றார் சார்.

"சட்டையெல்லாம் தொவைக்கிறதுல சுருங்குதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"மூணு வருஷமா பச்சத் தண்ணில தொவைக்கிறேன்."

நான் இடுக்கியைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. டீச்சர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். தன் இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப நான் இல்ல," என்றார் மெதுவாக.

"நீ இல்ல டீச்சர்" என்றார் அவர்.

ரிப்போர்ட்டில் குறிப்பு எழுத ஒரு வரி இடம் உண்டு. அங்கே என்ன போடுவது என்று தயங்கினேன். இடது இருக்கையில் பாரம் என்று மட்டும் போட்டு விட்டுவிடலாம். சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வெய்ட்டப் போடு பிள்ள. முழுசா போடு."

போட்டேன். அவரே தாளைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. எதிர்முனையில் மகன் என்ன கேட்டார் என்று தெரியாது. சார் சொன்னது மட்டும் பட்டறை முழுக்கக் கேட்டது.

"காடியும் இல்லடா, அம்மாவும் இல்ல. நான்தான். நீ காடிய விக்க வர வேணாம். சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போ."

மறுநாள் ஸ்பிரிங்கைக் கழற்றி வலது பக்கத்து ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு விரற்கடை குட்டை. இரண்டையும் புதிதாக மாற்றி, நூற்று இருபத்தேழு கிலோ கிழங்குக்குப் பெல்ட் போட்டு, அந்தப் பாரத்திலேயே அளந்து பச்சையாக்கிக் கொடுத்தேன். டீச்சர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பட்டறையை விட்டுப் போனார். அவர் ஒரு கையால் ஓட்டி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துச் சிவப்புக் கார் மறுபடியும் வந்து நின்றது. டீச்சர் இறங்கி, பரீட்சை முடிவை அறிவிப்பது மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"ஸ்டெல்லா, இப்ப லேசா வலது பக்கம் இழுக்குது."

இடது பக்கக் கதவு திறந்தது. மாணிக்கம் சார் இறங்கினார். சட்டை அவர் மேல் தாராளமாகத் தொங்கியது. நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"நூத்தி ஆறு."

"நூத்தி ஆறரை" என்றார் டீச்சர்.

"காலைல பார்த்தேன் டீச்சர், நூத்தி ஆறுதான்."

"கிளினிக்ல நானும் கூட இருந்தேன். நூத்தி ஆறரை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் கோப்பியோடு உள்ளே போய்விட்டார். டெப்போவிலிருந்து பத்துச் சாக்கைக் கொண்டுவந்து, அதற்கு மேல் ஆறு கிலோவை நிறுத்து வைத்து, பெல்ட்டை மாட்டினேன். மேடையைத் தூக்கப் போனபோது டீச்சர் கையை நீட்டித் தடுத்தார். கைப்பையைத் திறந்து, அன்றைக்குச் சாருக்குக் கட்டியிருந்த கேழ்வரகு அடை டப்பாவை எடுத்து, கிழங்கின் மேல் அழுத்தி வைத்தார்.

"இப்ப தூக்கு" என்றார்.